செம்பா, பித்தளையா, வெண்கலமா: வளைக்க எது தோது?

2 மி.மீ. செம்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கிப் பாருங்கள். முதல் தடவை சொன்னபடி கேட்கும். நாலைந்து தடவைக்குள் முரண்டு பிடிக்கும். விடாமல் மடக்கினால் ஒடிந்துவிடும். ஒடிவதற்கு முன்பே நிறுத்தி, மங்கலாகச் சிவக்கும்வரை தீயில் காட்டினால் பழைய இளக்கம் திரும்பிவிடும்.

இரும்புக் கணக்கு இங்கே செல்லாது. கார்பன் எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்பைத் தண்ணீரில் போட்டாலும் இளக்கம்தான், தானாக ஆறவிட்டாலும் இளக்கம்தான். தண்ணீரில் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு: மேலே படிந்த கறுப்பு ஆக்சைடு செதில் செதிலாக உதிரும். செம்பு வளையும், அதன் ஆக்சைடுக்கு வளையவே தெரியாது. ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் புளிக்கரைசல் பார்த்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது செம்பைத்தான்.

பித்தளைக்கு விறைப்பு அதிகம், கொடுத்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். செம்போடு கலந்த துத்தநாகம் 30% அளவில் இருந்தால் சூடில்லாமலே நன்றாக வளையும். 40% பக்கம் போனால் சூட்டில் அடிப்பதே நல்லது. ஆனால் சூடு மிஞ்சக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அப்புறம் இன்னொரு ஆபத்து. வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கிவிடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டதற்கு, அந்த இறுக்கத்தோடு குதிரை லாயத்து அம்மோனியா சேர்ந்ததுதான் காரணம். வேலை முடிந்ததும் 250 முதல் 300 டிகிரி வரை மிதமாகச் சூடு காட்டினால் இறுக்கம் தளரும். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

வெண்கலத்தில் செம்போடு கலந்த வெள்ளீயத்தின் அளவுதான் எல்லாம். சில சதவீதம் மட்டும் என்றால் சூடில்லாமலே வளைக்கலாம். 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆறிய நிலையில் ஒரே அடியில் உடையும். அதையே செக்கச்சிவக்கக் காய்ச்சினால் தட்டத் தட்ட விரியும். வேலை முடிந்ததும் சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் மறுபடி நொறுங்கும் குணம் வந்துவிடும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய சுவர் கொண்ட உயர் வெள்ளீய வெண்கலக் கிண்ணங்கள் இப்படிச் சூட்டில் அடித்து, தண்ணீரில் முக்கிச் செய்யப்பட்டவைதான். வெப்பமானி இல்லாத காலத்தில், உலையில் தெரிந்த நிறத்தை மட்டும் நம்பி அடித்திருக்கிறார்கள்.