துலாம்பென்னா, பான்யூனிங்கா? பாலியில் மூழ்கிய கப்பல் பார்க்க எங்கே இறங்கலாம்

பாலித் தீவின் வடகிழக்கில், கரையிலிருந்து நீந்தியே போய்ப் பார்க்கக்கூடிய இரண்டு கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. துலாம்பென்னில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். அமெட் பக்கம் பான்யூனிங்கில், 'ஜப்பானியக் கப்பல்' என்று எல்லோரும் சொல்லும் சின்னக் கலம். பெயரைக் கேட்டதும் லிபர்ட்டிக்கே வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். காற்றுச் சிலிண்டர் மாட்டி இறங்குபவர்களுக்கு அது சரி. மாஸ்க்கும், மேலே மிதந்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நோர்கல் குழாயும் மட்டும் கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

லிபர்ட்டியின் கதை பெரியது. 1942 ஜனவரி 11 அன்று பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்போக் நீரிணைக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ அதைத் தாக்கியது. பாலியின் வடகரைத் துறைமுகமான சிங்கராஜாவுக்கு இழுத்துப்போகப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென்னில் தரைதட்ட விட்டார்கள். இருபது வருஷம் கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலுக்குள் சரிந்தது. இன்று பக்கவாட்டில் சாய்ந்து, சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் ஆழம்வரை நீண்டு கிடக்கிறது.

சிக்கலே இந்த ஆழத்தில்தான். சுமார் 120 மீட்டர் நீளக் கப்பல் என்றாலும் மேலே மிதப்பவருக்குத் தெளிவாகத் தெரிவது அதன் மேல்விளிம்பு மட்டும்தான். மற்றதெல்லாம் நீலத்தில் கரைந்துவிடும். பொழுது ஏறியதும் தெற்குப் பாலியிலிருந்து டைவர் கூட்டம் வந்து சேரும். கீழிருந்து கிளம்பும் காற்றுக்குமிழிகள் பார்வையை மறைக்கும். அதனால் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும். பாரை மீன் கூட்டத்தையும், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்களையும் பார்க்க அதுதான் நல்ல நேரம். கரையில் உள்ளூர்ப் பெண்கள் கனத்த சிலிண்டரைத் தலையில் வைத்து, உருளும் கற்கள்மேல் தடுமாறாமல் நடந்து வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நடங்கள்.

பான்யூனிங் கப்பலுக்கு அப்படி ஒரு வரலாறு கிடையாது. அளவிலும் பலமடங்கு சிறியது. ஆனால் கரைக்கு மிக அருகில், 6 முதல் 12 மீட்டர் ஆழத்துக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. மேலே மிதந்தபடியே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவம் பிடிபடும். துருப்பிடித்த இரும்பு தெரியாதபடி மென்பவளம் படர்ந்திருக்கிறது. தண்ணீர் தெளிந்த நாளில் அதன் நிறங்கள் மேலே வரைக்கும் தெரியும். மூச்சடக்கி இரண்டு மூன்று மீட்டர் இறங்கத் தெரிந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம்.

ஸ்நோர்கலிங் மட்டும் என்றால் என் ஓட்டு பான்யூனிங்குக்குத்தான். பிள்ளைகளோடு போகிறவர்களும், நீச்சல் இப்போதுதான் கைவந்தவர்களும் அங்கேயே தொடங்கலாம். மூச்சடக்கி நன்றாக முங்கத் தெரிந்தவர்கள் துலாம்பென்னில் ஒரு ராத்திரி தங்கி, விடியலில் லிபர்ட்டியைப் பார்க்கட்டும். தெற்கிலிருந்து மத்தியானம் வந்து சேர்ந்து லிபர்ட்டிக்காக இறங்குவது வீண் அலைச்சல்.

இரண்டு கரையுமே மணல் கிடையாது, கறுப்புக் கூழாங்கல். அலை உயர்ந்தால் கல் காலைப் புரட்டும், ரப்பர் செருப்பு அவசியம். விரிகுடாவைத் தாண்டினால் நீரோட்டம் இழுக்கும், எனவே தனியாகப் போக வேண்டாம். எந்தக் கப்பலானாலும் மூச்சடக்கி உள்ளே நுழையாதீர்கள், பவளத்தில் கைவைக்காதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் தண்ணீர் கலங்கும். மே முதல் அக்டோபருக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.