மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்: இன்றைய கார் இன்ஜினில் இதற்கு வேலை இருக்கிறதா?

டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சில் வைக்கும் வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நீளமான இரும்புக் கம்பி ஒன்றைச் சொருகிப் பாருங்கள், அதுதான் மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப். பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது, ப்ளூடூத் கிடையாது. கம்பியின் நுனியை இன்ஜினில் ஓர் இடத்தில் தொட்டு வைத்தால் அங்குள்ள அதிர்வு கம்பி வழியாக ஏறி, நடுவில் இருக்கும் சின்ன டப்பாவுக்குள் உள்ள மெல்லிய சவ்வை ஆட்டி, ரப்பர் குழாய் வழியாகக் காதுக்கு வந்துவிடுகிறது. டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை), டர்போ, மேலே பிளாஸ்டிக் மூடி, கீழே பிளாஸ்டிக் தட்டு என்று பொத்திவைத்திருக்கும் இன்றைய இன்ஜினில் இதை வைத்துக் கேட்டால் ஏதாவது புரியுமா என்பதுதான் கேள்வி.

புரியும். வாங்கலாம். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும்தான் இது சொல்லும், அது என்ன கோளாறு என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே வெறுத்துப் போய்விடும், ஏனென்றால் ஓடும் இன்ஜினில் எங்கே வைத்தாலும் பயங்கரமாகத்தான் கேட்கும்.

"ஓபிடி ஸ்கேனர் கையில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. காரின் கணினியோடு இணைக்கும் அந்த ஸ்கேனர் படிப்பது சென்சார்கள் சொல்வதை. பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரமான ஐட்லர் புல்லியின் பேரிங் தேய்ந்து உய்ங் என்று கத்தினால் அதைச் சொல்ல எந்தச் சென்சாரும் கிடையாது. செக் இன்ஜின் விளக்கு எரியாமலேயே அந்த பேரிங் இறுகி, பெல்ட் கழன்று, ஆல்டர்னேட்டர் நின்று, அதற்கப்புறம்தான் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். இன்ஜினில் காது என்று சொல்லத் தக்க ஒரே சென்சார் நாக் சென்சார்தான். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், எரிபொருள் தப்பான நேரத்தில் வெடிக்கும்போது வரும் சுமார் 6, 7 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை மட்டும் பொறுக்கிக் கேட்டு, கணினி உடனே ஸ்பார்க்கைக் கொஞ்சம் தள்ளிப்போட வழி செய்யும். மற்ற சத்தமெல்லாம் அதற்குக் கூச்சல்தான். (சில சமயம் பக்கத்தில் ஏதோ ஒன்று லூஸாகி ஆடுவதையே நாக் என்று நம்பி இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும், அது தனிக் கதை.) இன்னொரு பக்கம், டைமிங் செயின் நீண்டுபோய் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஸ்கேனர் பி0016 போன்ற கோட் காட்டும், அதை ஸ்டெதாஸ்கோப் சொல்லாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இந்தக் கருவி பிரமாதமாக வேலை செய்யும் இடம் பெல்ட் பக்கம். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் பெரும்பாலும் ஒரே பெல்ட்டில், ஒன்றுக்கொன்று ஒட்டி இருக்கும். வெறும் காதில் கேட்டால் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பலர் ஊகத்தில் ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு திரும்பி வருகிறார்கள். கம்பியை ஆல்டர்னேட்டரின் உடம்பில் வையுங்கள், அப்புறம் டென்ஷனரின் கையில், அப்புறம் ஐட்லரின் நடு போல்ட்டில். அந்த போல்ட் சுற்றாது, அதைச் சுற்றியுள்ள புல்லிதான் சுற்றும், ஆகவே நிதானமாக வைத்தால் தொடலாம். நல்ல பேரிங் வழவழவென்று ஒரே சீராகக் கேட்கும். கெட்ட பேரிங் கரகரவென்று மண்ணை அரைப்பது போலக் கேட்கும். இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம், சந்தேகத்துக்கே இடமில்லாத அளவு வித்தியாசம் தெரியும்.

ஆனால் கிரீச் என்ற சத்தம் பேரிங்கில் இல்லாமல் பெல்ட்டிலேயே என்றால் ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை, ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர் போதும். ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தெளித்தால், சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை என்று பொருள், சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் இறுக்கம் போதாமல் வழுக்குகிறது.

அடுத்தது எல்லோரையும் பயமுறுத்தும் டிக் டிக். பழைய ஆட்கள் கேட்டவுடனே டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் துண்டு) என்பார்கள். இன்றைய பெட்ரோல் இன்ஜினில் அதைக் கேட்டு உடனே நம்ப வேண்டாம். பழைய முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு 3, 4 பார் அழுத்தம்தான், டைரக்ட் இன்ஜெக்ஷனில் அது 200 பாருக்கும் மேலே, புதியவற்றில் 350 பார் வரை போகிறது. அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டர் திறந்து மூடும்போது தட்டத்தான் செய்யும். அதுபோக அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்ப், கேம் ஷாஃப்ட்டிலேயே ஓடுகிறது, அதுவும் தட்டும். புதுக் கார் வாங்கிய மறுநாளே "டீசல் மாதிரி கேட்கிறது" என்று புலம்புபவர்களில் பலர் கேட்பது இதைத்தான். அது நோயில்லை.

தாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், ஓரளவுக்கு. ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, நிமிடத்துக்கு 400 முறை சுற்றும். ஒரு வால்வு தட்டினால் நிமிடத்துக்கு 400 தட்டு. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போனால் கிராங்க்கின் வேகத்தோடு சேர்ந்து தட்டும், கனமான அடிக்குரல் சத்தம். ஆனால் ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரும் பெரும்பாலும் அதே 400 முறைதான் அடிக்கிறது, ஆகவே வால்வையும் இன்ஜெக்டரையும் தாளத்தால் பிரிக்கவே முடியாது. இங்கேதான் கம்பி வேண்டும். ஒவ்வோர் இன்ஜெக்டரிலும் வரிசையாக வைத்துக் கேளுங்கள், நான்கும் ஒரே குரலில் பேசினால் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் உரக்கத் தட்டினாலோ, ஊமையாக இருந்தாலோ சந்தேகம் அங்கே. அப்புறம் வால்வு கவரின் போல்ட்டுகளில் வைத்து அதே மாதிரி ஒப்பிடுங்கள். ஓர் இடத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வருவது வீண், இந்தக் கருவியின் உயிரே ஒப்பிடுவதில்தான் இருக்கிறது.

இங்கே இன்றைய கார்கள் குறுக்கே நிற்கின்றன. பல டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இன்ஜெக்டர்கள், காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், கம்பி போகவே போகாது. வால்வு கவர் பிளாஸ்டிக் என்றால் பாதிச் சத்தத்தை அதுவே விழுங்கிவிடும். மேல் மூடிக்கு அடியில் சத்தத்தை அடக்க நுரைப் பஞ்சு வேறு. ஆகவே முதலில் மூடியைக் கழற்றுங்கள், அப்புறம் பிளாஸ்டிக்கை விட்டு உலோகம் எங்கே தெரிகிறதோ அங்கே வையுங்கள். கீழிருந்து கேட்க வேண்டுமானால் தட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் என்று வந்து சூடானதும் அடங்கும் சத்தம் ஒன்று உண்டு. அது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட்டாக இருக்கலாம், பிஸ்டன் ஆட்டமாக இருக்கலாம், புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கசிவாகவும் இருக்கலாம், உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் கசிவுச் சத்தமும் அடங்கிவிடும். கசிவைக் கம்பியால் கேட்க முடியாது, அது காற்றில் வரும் சத்தம். நான் பார்த்த கிட்டில் கம்பிக்குப் பதில் மாட்டிக்கொள்ள ஒரு வெறும் குழாய்த் துண்டும் இருந்தது, கேஸ்கெட் ஓரமாக அதைத் தொடாமல் நகர்த்திக்கொண்டே போனால் கசியும் இடத்தில் புஸ் புஸ் என்று காதை அறையும். இன்ஜின் காற்றை இழுக்கும் பக்கத்தில் வரும் வேக்குவம் கசிவுக்கும் இதே முறைதான். இந்தக் குழாய் இல்லாத கிட்டை வாங்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு விநாடி மட்டும் கடகடவென்று வந்து நிற்கிறதே, டைமிங் செயின் டென்ஷனரோ, வால்வுகளின் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸரோ, அங்கே இந்தக் கருவி தோற்றுவிடுகிறது. எண்ணெய் அழுத்தம் ஏறியதும் சத்தம் போய்விடும், நீங்கள் கம்பியை எடுத்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த முறை கேட்க இன்ஜின் மறுபடி ஆற வேண்டும். இதற்கு பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, போனில் வீடியோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம், மெக்கானிக்கிடம் போகும்போது "இப்போது வரவில்லையே சார்" என்ற பதிலையும் அது தடுக்கும். (போன் மைக் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும், ஆகவே எவ்வளவு உரக்க இருந்தது என்பதற்கு வீடியோவை நம்ப வேண்டாம், எப்போது வந்தது என்பதற்கு மட்டும்.) அதேபோல ஓட்டும்போது மட்டும் வரும் சத்தத்துக்கும் இது உதவாது. அதற்குப் பல இடங்களில் கிளிப் போட்டு மைக் மாட்டி, உள்ளே ஒருவர் ஹெட்போனில் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கும் தனிக் கருவி இருக்கிறது, அதை வொர்க்ஷாப்பிடமே விட்டுவிடலாம்.

கேட்கத் தொடங்கினால் கோளாறே இல்லாத சத்தங்கள் எவ்வளவு என்று தெரிய வரும். ஐடிலிங்கில் இன்ஜின் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாத தாளத்தில் டொக் டொக் என்று ஒன்று அடிக்கிறதா, பெரும்பாலும் பெட்ரோல் ஆவியை உள்ளே இழுக்கும் பர்ஜ் வால்வு, கையை வைத்தாலே தெரியும். கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து வரும் ம்ம்ம் சில கார்களில் பெட்ரோல் பம்ப். நிறுத்திய பிறகும் ஓடுவது ஃபேன், சில டர்போ கார்களில் தண்ணீர் சுற்றும் மின் பம்ப். இன்னும் ஒரு வேடிக்கை, சில கார்களில் இன்ஜின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள், உள்ளே கேட்பதெல்லாம் இன்ஜினிலிருந்து வருவது என்றே சொல்ல முடியாது. வெளியே இறங்கிக் கேளுங்கள்.

ஐடிலிங்கில் விசில் மாதிரி வந்தால் கம்பியை எடுக்கும் முன்னால் ஆயில் டிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் உருவிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆபத்துகளில் பெரியது ஒன்று. குனிந்து கேட்கும்போது அந்த ரப்பர் குழாய் கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் பெல்ட்டுக்கு மேலேதான். சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், தொளதொளத்த சட்டைக் கை, கழுத்துச் செயின், துப்பட்டா எதுவும் வேண்டாம், ஃபேன் எந்த நேரமும் தானே ஓடத் தொடங்கும். கம்பி உலோகம், பேட்டரி முனைகளைத் தொடாதீர்கள். ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற ஒயர் (உயர் மின்னழுத்தம்) தெரியும் பக்கமே கம்பியைக் கொண்டுபோக வேண்டாம். அடிக்குரல் தட்டுச் சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் கேட்டுக்கொண்டு நிற்காமல் இன்ஜினை அணையுங்கள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய வழி இருக்க இது தேவையா என்றால், அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் முகத்தைச் சுற்றும் பெல்ட்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். இதில் தலை தள்ளியே இருக்கும், இரண்டு காதும் மூடியிருப்பதால் மற்ற இரைச்சலும் குறையும்.

பொருளின் தரத்தைப் பற்றி. கம்பி கெட்டி, டப்பாவில் திருகாணி மரை சரியாக உட்காருகிறது. காதுமுனைகள் மட்டும் கடின பிளாஸ்டிக், கொஞ்ச நேரத்திலேயே வலிக்கிறது, டாக்டர்கள் பயன்படுத்தும் மெத்தென்ற சிலிக்கான் முனைகளை வாங்கி மாட்டினால் பொருந்துகிறது. காதில் மாட்டிக்கொண்டே கம்பி நுனியை எங்காவது இடித்தால் சுரீர் என்று இருக்கும், முதலில் இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். 5க்கு 4, குறைந்த ஒன்று அந்தக் காதுமுனைக்கு.