பழைய 8086 புத்தகமா, எக்ஸ்வி6 கையேடா?

அசெம்பிளி படித்து, சொந்தமாக ஒரு குட்டி ஓஎஸ் எழுதிப் பார்க்க நினைக்கும் சென்னைவாசிக்கு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் நல்ல தொடக்கம். ஆனால் அட்டையில் ‘மைக்ரோபிராசசர்’ என்று இருந்தாலே வாங்கிவிடாதீர்கள். கவோன்கர் எழுதியது 8085-க்கானது. அந்த 8 பிட் சிப்புக்கான நிரல் உங்கள் கணினியில் ஓடாது. இன்றைய பிசி சிப்புகளின் முன்னோடியான, இன்டெலின் 16 பிட் 8086 வேண்டுமென்றால் டக்ளஸ் ஹால் அல்லது பாரி பிரே எழுதிய புத்தகம். ஹால் ஹார்டுவேர் இணைப்புகளில் ஆழமாகப் போகிறார். பிரே, நினைவகப் பாதுகாப்பு தரும் பிந்தைய சிப்புகளின் ‘புரொட்டெக்டட் மோட்’ வரை வருகிறார். ஓஎஸ் எழுத பிரேதான் மேல்.

8086 பழசு என்று ஒதுக்க வேண்டாம். கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பாணி மென்பொருளான பயாஸ் வழியாக பூட் செய்தால் உங்கள் நிரல் இன்றும் 16 பிட்டில்தான் தொடங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய புத்தகப் பயிற்சிகள் பெரும்பாலும் பழைய ஓஎஸ்ஸான டாஸின் சேவைகளை அழைக்கும் ‘இன்ட் 21’ கட்டளையை நம்பியவை. 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்ட டாஸைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் வேண்டும். வட்டின் முதல் பகுதியான, பயாஸ் முதலில் ஓட்டும் பூட் செக்டரிலோ டாஸே கிடையாது, எதுவும் அச்சாகாது. அங்கே திரையில் எழுத பயாஸின் இன்ட் 10-தான் கைகொடுக்கும். நிரல் 512 பைட்டுக்குள் அடங்கி, கடைசி இரண்டு பைட்டும் ஹெக்ஸில் 55, ஏஏ என்று முடிய வேண்டும். பயாஸ் அதை 7சி00 முகவரியில் ஏற்றும். அந்த முகவரியை அசெம்பிளருக்குச் சொல்லும் ‘ஆர்க் 7சி00’ வரியை விட்டுவிட்டு, தரவின் தொடக்க இடத்தைக் குறிக்கும் டிஎஸ் ரெஜிஸ்டரில் பூஜ்யம் வைத்தால், பூட் ஆகும், ஆனால் வாக்கியத்துக்குப் பதில் குப்பை எழுத்துகள் வரும். இன்னொன்று: மாஸ்ம், நாஸ்ம் என்ற இரு அசெம்பிளர்களும் ஒன்றல்ல. மாஸ்மில் மாறியின் பெயரைப் போட்டால் அதன் மதிப்பு கிடைக்கும், நாஸ்மில் முகவரிதான் கிடைக்கும். மதிப்பு வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குறி போட வேண்டும்.

எக்ஸ்வி6 என்பது பாடம் நடத்த எம்ஐடி எழுதிய குட்டி ஓஎஸ். அதன் கையேடும் சோர்ஸும் இலவசம். இப்போதைய பதிப்பு ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகை சிப்புக்கானது, கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலச் செயல்படும் கியூஎமு மென்பொருளில் ஓடும். அசெம்பிளி அதில் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் தங்கம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலிருந்து (பிராசஸ்) இன்னொன்றுக்குத் தாவும் ‘ஸ்விட்ச்’ ரொட்டீனைப் பாருங்கள்: சிப்புக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் 14-ஐச் சேமித்து, 14-ஐ ஏற்றி, ரிட்டர்ன், அவ்வளவுதான். மீதி ரெஜிஸ்டர்கள் எங்கே? அது சி ஃபங்ஷன்போல அழைக்கப்படுவதால், தேவையானவற்றை கம்பைலர் முன்பே ஸ்டாக்கில் வைத்துவிடுகிறது. இதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் இன்னொரு நூலைச் சொல்வது கடினம். சி மொழியில் நினைவக முகவரியைக் கையாளும் பாயின்டர்கள் உங்களுக்குத் தடுமாறினால் மட்டும் இதைத் தொடாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவீர்கள்.

கல்லூரிப் பாடநூலான சில்பர்ஷாட்ஸின் ஓஎஸ் புத்தகம் பரீட்சைக்குச் சரி. கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுத அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், கல்லூரி நூலகப் பிரதியே போதும்.

முதலில் 8086-இல் பூட் செக்டர் எழுதி, வட்டைப் படிக்கும் பயாஸின் இன்ட் 13 மூலம் இரண்டாவது செக்டரை ஏற்றுங்கள். அது ஓடியதும் எக்ஸ்வி6-க்கு மாறிவிடுங்கள். திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் கையேட்டை மட்டும் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். சோர்ஸைத் திரையிலேயே படியுங்கள், ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் தாவ அதுதான் வசதி.