லங்காவியிலிருந்து புக்கெட் வரை: டிராலரா, வேகப் படகா, கேட்டமரானா?

நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று நிலைகொண்டதும், லங்காவியில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் வடக்கே புக்கெட்டுக்குக் கிளம்பத் தயாராவார்கள். அந்த நாட்களில் என்னைத் தேடி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: குடும்பத்தோடு பத்து நாள் தீவு தீவாகப் போய்வர எந்த வகை மோட்டார் படகு நல்லது? பிறருடைய படகுகளை இந்த வழியில் ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். மூன்று வகைகளிலும் சமைத்திருக்கிறேன், உறங்கியிருக்கிறேன், மூன்றின் எஞ்சின் அறையிலும் வியர்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

வழியை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லங்காவியின் குவாவிலிருந்து புக்கெட்டின் சலோங் விரிகுடாவுக்கு நேராகப் போனால் சுமார் 125 கடல் மைல். லீபே, ரோக், மூக், லந்தா, பிபி என்று தங்கித் தங்கிப் போனால் 155 வரை ஆகும். ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் 15 முதல் 30 மைல். லீபேயிலிருந்து ரோக் மட்டும் 45. மலேசியாவில் வெளியேறும் முத்திரை, தாய்லாந்தில் நுழையும் முத்திரை, படகின் பதிவுச் சான்று எல்லாம் எந்தப் படகுக்கும் ஒன்றுதான். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க மறக்காதீர்கள்.

மூன்று படகுகளையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில், 42 முதல் 45 அடிக்குள், வைத்துக்கொள்வோம்.

டிராலர் என்று நான் சொல்வது மீன்பிடி இழுவைப் படகை அல்ல. அதன் கனமான உருண்ட உடலைப் பின்பற்றிக் கட்டிய உல்லாசப் படகுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அது நீரை விலக்கிக்கொண்டுதான் போகும், நீரின்மேல் ஏறாது. இப்படிப்பட்ட உடலின் வேகத்துக்கு இயற்கையே வரம்பு கட்டியிருக்கிறது: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவுதான் அதன் உச்சம். நீர்மட்ட நீளம் 36 அடி என்றால் எட்டு நாட். அதற்குமேல் எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும், தானே எழுப்பிய அலையின் பள்ளத்திலிருந்து அது வெளியே வராது. வேகப் படகு அந்த அலையை ஏறிக் கடந்து, நீரின் மேற்பரப்பில் வழுக்கி 22 நாட் வரை ஓடும்.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவு மக்கள் கண்டது. நம் பெயரும் அவர்கள் வடிவமும் ஒரே படகில் சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒடுங்கிய இரண்டு உடல்கள் நீரை எளிதாகக் கிழிப்பதால், எஞ்சினை அதிகம் வருத்தாமலே 15 நாட் எட்டிவிடும்.

எரிபொருள் கணக்கில் இழுபறியே இல்லை. ஏழு நாட் வேகத்தில் போகும் டிராலர் ஒரு மைலுக்குச் சுமார் 1.3 லிட்டர் டீசல் குடிக்கும். கேட்டமரான் 15 நாட்டில் நான்கு லிட்டர், எட்டு நாட்டுக்குக் குறைத்தால் இரண்டுக்கும் கீழே. வேகப் படகு 22 நாட்டில் ஆறரை லிட்டர் வரை போகும். 155 மைலுக்கு டிராலருக்கு 200 லிட்டர் போதும். வேகப் படகுக்கு ஆயிரம் வேண்டும். பணத்தை விடுங்கள், வழியில் இருக்கும் சிறு தீவுகளில் டீசல் துறையை எதிர்பார்க்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. 1,200 லிட்டர் தொட்டி வைத்திருக்கும் வேகப் படகு ஒரு வழிப் பயணத்திலேயே அந்த விதியை உடைத்துவிடுகிறது.

ஓடும்போது உடம்புக்கு எது சுகம்? டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். நாம் போவது வடமேற்கே. ஆக, அலை படகின் வலப்பக்கத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நாட்களில் காற்று விடியற்காலையில் வலுத்து, மதியத்துக்குப் பின் தணியும். டிராலர் இந்தப் பக்க அலையில் ஊஞ்சல்போல் நிதானமாக ஆடும். இருபுறமும் துடுப்பு நிலைப்படுத்தி (ஆட்டத்தை அடக்க நீருக்குள் நீட்டியிருக்கும் துடுப்பு போன்ற தகடு) பொருத்தியிருந்தால் ஓடும்வரை அந்த ஆட்டம் பெரிதும் அடங்கிவிடும். வேகப் படகு வேகத்தில் இருக்கும்வரை உறுதியாக நிற்கும். அலை கடுமையாகி வேகத்தைக் குறைக்க நேர்ந்தால் மூன்றிலும் மோசமாகத் தள்ளாடுவது அதுதான். கேட்டமரான் சாயாது. அதற்குப் பதில் வெடுக் வெடுக்கென்று குலுக்கும்; எதிர் அலையில் இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடியில் நீர் அறையும். முதல் முறை அந்தச் சத்தம் கேட்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார். உடையவில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

வலைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடலைப் பற்றிப் பேச முடியாது. இரவில் பச்சை விளக்கு எரித்துக் கணவாய் பிடிக்கும் படகுகள் தொலைவிலேயே தெரியும். பகலில் ஒரு வெற்றுப் புட்டியை மட்டும் மிதவையாகக் கட்டிவிட்ட வலைக்கயிறுதான் ஆபத்து. ஒருமுறை மூக் தீவுக்குத் தெற்கே வேகப் படகொன்றில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சூரியன் நீரில் மின்ன, மிதவையைப் பார்க்கத் தவறினேன். இடது எஞ்சின் முனகி நின்றது. சமையலறையிலிருந்த ரொட்டி வெட்டும் பல்வைத்த கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நைலான் கயிறு புரொப்பெல்லர் தண்டில் உரசிய சூட்டில் உருகி, கண்ணாடிபோல் இறுகியிருந்தது. மூச்சுப் பிடித்து மூழ்கி, ஒரு முழுக்குக்கு நான்கைந்து அறுப்பு என்று முடித்து மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. உள்ளங்கையில் சிப்பி கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. டிராலருக்கு இந்தக் கவலை குறைவு: படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கனத்த அடிக்கட்டை, ஒற்றைப் புரொப்பெல்லரை முன்னும் கீழும் மறைத்துக் காக்கும். ஏழு நாட்டில் போகும்போது மிதவையைக் கண்டு சுக்கானைத் திருப்ப நேரமும் கிடைக்கும். மற்ற இரண்டிலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒன்று மாட்டினாலும் இன்னொன்றில் கரை சேரலாம் என்பது அவற்றின் பலம்.

இதுவரை படித்தால் டிராலரே வென்றுவிட்டதாகத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஓர் எளிய கணக்கு. பத்து நாள் என்பது 240 மணி நேரம். 155 மைலை ஏழு நாட் வேகத்தில் கடக்க 22 மணி நேரம் ஆகும். மீதி 218 மணி நேரமும் படகு நங்கூரத்தில் நிற்கிறது. சமைப்பது, உண்பது, உறங்குவது, குழந்தைகள் குளிப்பது எல்லாம் அங்கேதான். ஓட்டத்தை மட்டும் பார்த்துப் படகு எடுப்பவர்கள் பயணத்தின் பத்தில் ஒரு பங்கைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

லீபேயின் தெற்கிலிருக்கும் பட்டாயா கடற்கரை வடகிழக்குக் காற்றுக்கு மறைவான இடம். ஒரு பிப்ரவரி இரவு அங்கே டிராலரில் நின்றோம். காற்று இல்லை. ஆனால் ஓதம் திரும்பியதும் நீரோட்டம் படகை மெல்லத் திருப்பி, தீவைச் சுற்றி வளைந்து வந்த அலைக்கு விலாவைக் காட்டி நிறுத்திவிட்டது. தாலாட்டு ஆட்டமாகத் தொடங்கி, பதினொரு மணிக்கெல்லாம் அலமாரிக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. உரிமையாளரின் மகள், எட்டு வயதிருக்கும், மெத்தையைத் தரைக்கு இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் படுத்தாள். துடுப்பு நிலைப்படுத்திகள் இருந்தும் பயனில்லை. சாதாரணத் துடுப்புகள் படகு ஓடினால்தான் வேலை செய்யும். மேல்தளத்தில் ஏறிப் பார்த்தேன். எங்கள் நங்கூர விளக்கு நட்சத்திரங்களுக்கிடையே அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் தள்ளி நின்ற கேட்டமரானின் விளக்கு, சுவரில் அறைந்த ஆணிபோல் அசையவேயில்லை. ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் செய்யும் வேலை அது. டிராலரின் பக்கவாட்டுக் கம்பத்திலிருந்து ஒரு தகட்டை நீருக்குள் தொங்கவிட்டு ஆட்டத்தைக் குறைக்கலாம். மறுநாள் அதைச் செய்தோம், பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்த ஆட்டமும் ஆட்டம்தான்.

வெப்பமும் நங்கூரத்தில் நிற்கும்போதுதான் தெரியும். இரவிலும் கேபினுக்குள் 29, 30 பாகை. புதிய வேகப் படகுகள் பலவற்றில் கண்ணாடிகள் திறக்காது. குளிர்சாதனத்துக்காக இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓட வேண்டும். மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசலோடு அக்கம்பக்கத்துப் படகுகளின் தூக்கமும் போகும். டிராலரில் நாற்புறமும் திறக்கும் சன்னல்கள், நிழற்கூரை. கேட்டமரானின் அகன்ற கூரை முழுவதும் சூரியத் தகடுகள் பதிக்கலாம். குளிர்ப்பெட்டியும் மின்விசிறிகளும் ஜெனரேட்டரைத் தொடாமல் ஓடும்.

நங்கூரச் சங்கிலியில் மட்டும் டிராலருக்கு முதலிடம் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே பல இடங்களில் 15 மீட்டர் ஆழத்தில் நிற்க நேரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் மூன்று மீட்டர் வரை ஏறும். நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டினால் 20 மீட்டர். அதன் நான்கு மடங்காவது சங்கிலி விட வேண்டும், அதாவது 80 மீட்டர். பத்து மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ வரும், எனவே 180 கிலோவுக்கு மேல். டிராலர் அதைப் பொருட்படுத்தாது. கேட்டமரானுக்குப் பாரம் பகை. ஏற்றும் ஒவ்வொரு நூறு கிலோவும் வேகத்தைத் தின்னும், நடுத்தளத்தை நீருக்கு அருகே இறக்கும். வேகப் படகுகளில் 50 மீட்டரோடு நிறுத்திவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவர்கள் ஆழம் குறைந்த இடம் தேடிக் கரைக்கு நெருங்கி, பவளப் பாறைமேல் நங்கூரம் போடும் தவற்றைச் செய்கிறார்கள். தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் அது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது: ஒரு நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பது வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மிதவை இருந்தால் மிதவையில் கட்டுங்கள், இல்லையேல் மணல் தெரியும் இடத்தில் இறக்குங்கள்.

துறைக்குள் போனால் கேட்டமரானின் அகலம் செலவாக மாறும். ஒன்றரை மடங்கு கட்டணம் கேட்பது வழக்கம், சில துறைகளில் அதற்கும் மேல். பராமரிப்புக்குக் கரையேற்றும்போதும் எல்லாத் தூக்கிகளும் ஆறு மீட்டர் அகலத்தை ஏற்காது. அதேசமயம், அகன்று நிற்கும் இரண்டு எஞ்சின்களால் அது நின்ற இடத்திலேயே சுழலும். ஒற்றை எஞ்சின் டிராலரைக் குறுக்கு நீரோட்டத்தில் துறையில் சேர்ப்பது பழகிய கைக்கும் வேர்க்கவைக்கும் வேலை.

ஆக, பத்து நாள், குழந்தைகளோடு, இந்த வழி என்றால் நான் கேட்டமரானைச் சொல்கிறேன். அதையும் எட்டு நாட் வேகத்தில் ஓட்டுங்கள். 15 நாட் என்பது மாலைக்குள் மழைமேகத்தை முந்த வேண்டிய நாளுக்கான சேமிப்பு. துறையிலேயே வைத்து, சனி ஞாயிறு காலையில் பிபிக்குப் போய் மாலையில் திரும்புபவர்களுக்கு வேகப் படகு முற்றிலும் பொருந்தும். நங்கூர இரவு அவர்களுக்கு இல்லை. மாதக்கணக்கில் படகிலேயே வாழ்ந்து, ஒருநாள் புக்கெட்டிலிருந்து வடமேற்கே சுமார் 400 மைல் தள்ளியிருக்கும் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வரை போக ஆசைப்படுபவர்களுக்கு டிராலரைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. எனக்கென்று ஒன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன், தொங்கும் தகடு இரண்டோடு.

எதை எடுத்தாலும் கையெழுத்திடும் முன் இரண்டு வேலைகள் செய்யுங்கள். சங்கிலிப் பெட்டியைத் திறந்து, சங்கிலி முழுவதையும் வெளியே இழுத்து மீட்டர் கணக்கில் அளந்து பாருங்கள். பிறகு ஓட்டம் காட்டுகிறேன் என்று அழைத்துப் போகும் உரிமையாளரிடம், ஒரு திறந்த விரிகுடாவில் நங்கூரமிட்டு எஞ்சினை அணைக்கச் சொல்லி, மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, ஓதம் திரும்பும்வரை உட்கார்ந்திருங்கள்.