‘புல்லே போடாதீங்க சார்’ என்றார் கடைக்காரர்

கடைசியாக வாங்கிய பாக்கெட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. கண்ணாடி கவர், பின் அடித்து மூடிய வாய், கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்து ஒட்டிய கினிப் பன்றிப் படம், அதன் கீழே ‘ஸ்பெஷல் ஃபீட்’. 1 கிலோ 350 ரூபாய். யார் தயாரித்தது, எந்த மாதம், உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் கிடையாது. கையில் வாங்கிய முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பருப்பு பாக்கெட்டைக் கூடத் திருப்பிப் பார்த்துத் தேதி படிக்கிற ஆள்தான் நான்.

மகளுக்கு நாய் வேண்டும். ஹவுஸ் ஓனர் நாய் கூடாது என்றுவிட்டார். பேரம் பேசிப் பேசிக் கடைசியில் கினிப் பன்றியில் வந்து நின்றது. சென்னையில் எங்கள் பக்கத்தில் வளர்ப்புப் பிராணிகள் விற்கிற ஒரு கடை. பெயர் போடப் போவதில்லை, ஒரு கடையோடு முடிகிற விஷயமாகவும் எனக்குத் தெரியவில்லை. மீன் தொட்டிகளுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் ஆறேழு குட்டிகள், ஓரத்தில் ஒரு கிண்ணம் சோளம். இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளையாக இருந்தது பஞ்சு, பழுப்பும் கறுப்புமாக இருந்தது சுண்டல். ஜோடி 1,200 ரூபாய்.

“என்ன போடணும்?” என்று கேட்டேன்.

“இதுவும் முயல் ஜாதிதான் சார். இந்த ஃபீட் ஒண்ணு போதும், எல்லாச் சத்தும் இதுலயே இருக்கு. புல்லே போடாதீங்க, வயிறு ஊதிடும். காய்கறியும் வேண்டாம், கழியும்.”

கூடவே தண்ணீரில் கலக்க ஒரு வைட்டமின் சொட்டு மருந்து, 280 ரூபாய். நக்குவதற்கு ஒரு உப்புக் கல், 120 ரூபாய். சொன்னதை எல்லாம் வாங்கினேன். புல் வெட்டும் வேலை இல்லை, காய் நறுக்கும் வேலை இல்லை, காலையில் ஒரு கிண்ணம் கொட்டினால் முடிந்தது என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். சோம்பேறிக்குப் பிடித்த பொய்யாகப் பார்த்துத்தான் விற்றார் மனிதர்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கவர் சரசரத்தாலே இரண்டும் ‘வீக் வீக்’ என்று கத்திக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கும். மூன்றாவது வாரம் சுண்டலின் முடி சொரசொரவென்று நின்றது. குளிப்பாட்டவில்லையே, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். நான்காவது வாரம் கவர் சத்தத்துக்குப் பஞ்சு மட்டும் வந்தது. சுண்டல் மூலையிலேயே கூனி உட்கார்ந்திருந்தது. மகள் தூக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். “அப்பா, தொட்டாலே கத்துதுப்பா.” தரையில் விட்டுப் பார்த்தோம். பின்னங்கால்களைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போயிற்று.

கடைக்குப் போன் செய்தேன். “புது இடம் சார், பயந்திருக்கும். சரியாயிடும்.” ஊற வைத்து ஊட்டச் சொன்னார், மூன்றாவது பாக்கெட்டும் வாங்கி வந்தேன். ஒரு வாரம் கழித்துச் சுண்டல் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது, வாயோரம் ஈரம். மறுபடி போன். இந்தத் தடவை மருந்தே சொன்னார்: மெடிக்கல் கடையில் குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் சிரப் கேளுங்கள், 1 மில்லி கொடுங்கள், காலையில் எழுந்து ஓடும். வாங்கி வந்தேன். கொதித்து ஆறிய நீர் ஊற்றிக் குலுக்கவேண்டிய தூள் மருந்து அது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னாள், “எதுக்கும் காலைல ஒரு டாக்டரைப் பாத்துட்டுக் குடுக்கலாம்.” பாட்டிலைத் திறக்காமலே வைத்தோம்.

விடிவதற்குள் சுண்டல் போய்விட்டது. மகள் எழுவதற்கு முன்னால் பழைய துண்டில் சுற்றி, மாடியில் செம்பருத்தித் தொட்டிக்குள் வைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பஞ்சுவை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். பாக்கெட், சொட்டு மருந்து, சிரப் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. டாக்டரம்மா முதலில் எடை போட்டார், 340 கிராம். வாயைத் திறந்து ஈறை விரலால் தொட்டார், விரலில் ரத்தக்கறை. முழங்கால் மூட்டுகளை மெதுவாக அழுத்தினார், அதற்கே கத்தியது.

“என்ன போடறீங்க?”

பாக்கெட்டைக் கொடுத்தேன். நாலு பெல்லட்டை உள்ளங்கையில் கொட்டி, விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தார்.

“இது முயல் தீவனம் மாதிரி இருக்கே. புல் என்ன போடறீங்க?”

“புல் போடக்கூடாதுன்னு கடைல சொன்னாங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் பையைக் கிளறி சிரப்பை எடுத்தார். “இதைக் குடுத்துட்டீங்களா?” இல்லை, சீல் உடைக்கவில்லை என்றேன். ஒரு பெருமூச்சு. பென்சிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, விஷம் சுரக்கிற கெட்ட பாக்டீரியா பெருகிவிடுமாம். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் அந்த வகை. சில நாளிலேயே உயிர் போய்விடும். கடைக்காரர் வாயால் சொன்ன அந்த 1 மில்லியை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிறது.

பஞ்சுவுக்கு வந்திருந்தது ஸ்கர்வி. பழைய காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு வருமே, ஈறில் ரத்தம் கசிந்து மூட்டு வீங்கும், அதே நோய். நாய், பூனை, முயல் எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினிப் பன்றியாலும் முடியாது. தினமும் சாப்பாட்டில் வந்தாக வேண்டும். அதனால்தான் முயல் தீவனத்தில் அதைச் சேர்க்கவேண்டிய அவசியமே கிடையாது, முயலுக்கு அது தேவையில்லை. ‘முயல் ஜாதிதான்’ என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும். கினிப் பன்றி தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பிராணி, கொறிக்கும் இனம். முயலும் கிடையாது, பெயரில் இருக்கிற பன்றியும் கிடையாது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு செய்தி என்னை இன்னும் குத்தியது. 1907-இல் நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்துப் பார்த்து, அவற்றுக்கு ஸ்கர்வி வருவதை எழுதி வைத்திருக்கிறார்கள். வைட்டமின் சி என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனைதான் வழி விட்டது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே நோயை வரவழைத்தார்கள். நான் கிலோவுக்கு 350 ரூபாய் கொடுத்து வீட்டு பால்கனியில் வரவழைத்தேன்.

சொட்டு மருந்து? அதைப் பற்றி டாக்டர் சிரித்தேவிட்டார். வைட்டமின் சி தண்ணீரில் கலந்தால் நிற்காது, வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாகக் கெடும். தண்ணீரின் ருசி மாறுவதால் குடிப்பதும் குறைந்துபோகும். உப்புக் கல்லுக்கும் அவசியமே இல்லை.

மூன்று நாள் கழித்துப் புல் விதை கிடைக்குமா என்று ஒரு மாட்டுத் தீவனக் கடைக்குப் போனேன். வாசலில் முயல் படம் போட்ட மூட்டை வாய் திறந்து கிடந்தது. அதே பச்சை, அதே நீளம், அதே வாசனை. என் பையில் இருந்த பாக்கெட்டிலிருந்து ரெண்டு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை. “சில்லறையா வேணும்னா கிலோ 45 ரூபா சார்,” என்றார் கடைப் பையன்.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்கே போனேன். சண்டை போடும் உத்தேசத்தில்தான் போனேன். ஆள் கொஞ்சமும் அசரவில்லை. “செத்துடுச்சா? பரவால்ல சார், மாத்தித் தர்றேன். ரெண்டு பீஸா எடுத்துக்குங்க.” செருப்பு அளவு சரியில்லை என்று வந்தவனிடம் பேசுவது போல. என்ன பதில் சொல்வது என்றே தெரியாமல் சுவரைப் பார்த்தேன். பதிவுச் சான்றிதழ் எதுவும் மாட்டியிருக்கவில்லை. 2018-இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டேன். “அதெல்லாம் இருக்கு, வீட்ல இருக்கு” என்றார். பாக்கெட் போட்டு விற்கிற பொருளில் தயாரிப்பாளர் முகவரி, எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதற்குப் பதிலே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டு வாங்காதது என் தப்பு. ஜிபே-யில் பணம் அனுப்பிய பதிவுகளைத்தான் இணைத்தேன்.

சரி, பஞ்சு கதைக்கு வருகிறேன். ஊசி, வாயில் ஊட்ட வைட்டமின் சி, தூளாக்கிய தீவனத்தை நீரில் குழைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இவற்றுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்றார் டாக்டர். நான் சுண்டலை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாளில் பஞ்சு காலை ஊன்றி நடந்தது. இப்போது சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான், எந்நேரமும் முன்னால் இருக்கும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் புல்லை மென்று மென்றுதான் தேய வேண்டும், பெல்லட் வாயில் போட்டதும் பொடியாகிவிடும். வெளிநாட்டு திமோதி புல் கிலோ 800 ரூபாய் கேட்கிறார்கள். பாதிக்கு அதை வாங்குகிறேன், மீதிக்கு அருகம்புல். பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்கிற அக்காவிடம் தினம் ஒரு கட்டு சொல்லி வைத்திருக்கிறேன், மருந்தடிக்காத இடத்தில் பறித்ததுதானா என்று கேட்டுக்கொண்டுதான். அலசி, ஈரம் உலர்த்திப் போடுவேன். வைக்கோலைப் புல் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அதைத்தான் தேடினேன். நெல்லை அடித்தபின் மிஞ்சும் தாளில் சத்து மிகக் குறைவு. குதிரை மசால் என்கிற தீவனப் பயிர் குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் சரி, வளர்ந்ததற்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் வரும்.

காய்கறியில் குடைமிளகாய்தான் ராஜா. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. சிவப்புக் குடைமிளகாய் 15, 20 கிராம் துண்டு ஒன்றிலேயே ஏறக்குறைய அது வந்துவிடுகிறது. அதோடு கொஞ்சம் கொத்தமல்லித் தழை, எப்போதாவது கொய்யாவில் மெல்லிய கீற்று. முருங்கைக்கீரை, பாலக் எல்லாம் வாரத்தில் ஒரு நாள் ரெண்டு இணுக்கு. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, சோறு, பிஸ்கட், நிலக்கடலை கிட்டேயே வராது. பெல்லட் ரெண்டு ஸ்பூன், அதுவும் கினிப் பன்றிக்கென்றே தயாரித்து வைட்டமின் சி சேர்த்ததாக, தேதி அச்சிட்டதாக. தயாரித்து மூன்று மாதம் தாண்டினால் அதிலுள்ள வைட்டமின் சி-யை நம்ப வேண்டாம் என்றார் டாக்டர்.

கடைக்காரர் சொன்ன ‘வயிறு ஊதிடும்’ என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. பெல்லட் மட்டுமே தின்ற குட்டிக்குத் திடீரென்று பச்சையாக அள்ளிப் போட்டால் கழியத்தான் செய்யும். காய்ந்த புல்லில் தொடங்கி, பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒன்றும் ஆகாது.

ஞாயிறுதோறும் மகள் சமையலறைத் தராசில் பஞ்சுவை வைத்து எடையைக் காலண்டரில் எழுதுகிறாள். போன வாரம் 610. 50 கிராம் குறைந்தாலும் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். தனியாக இருக்கக்கூடாத பிராணி என்பதால் இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறோம், வளர்க்க முடியாமல் கொடுக்கிறவர்கள் வீட்டிலிருந்துதான்.

நேற்று அந்தக் கடை வழியாகத்தான் வந்தேன். ஒரு அம்மாவும் பையனும் கண்ணாடிப் பெட்டி முன்னால் குனிந்து நின்றிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் நின்றேன். “என்ன போடணும் இதுக்கு?” என்று அந்த அம்மா கேட்க, கடைக்காரர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார். “புல்லும் போடலாம்மா,” என்றார்.