ரெவ் லிமிட்டை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்: என் ஏழு மாதச் சம்பளம் போச்சு

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்து அங்கங்கே சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெவ் லிமிட், அதாவது எஞ்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை சுற்றலாம் என்ற எல்லை, அதை ஏற்றிய என் காரின் எஞ்ஜினை நேற்றுதான் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) கழன்று, பிளாக்கின் பக்கவாட்டைக் கை நுழையும் அளவுக்கு உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வேறு எஞ்ஜின், அதை ஏற்றும் கூலி, கூடவே போன டர்போ, முதலில் டியூனிங்குக்குக் கட்டிய தொகை, எல்லாம் கூட்டினால் என் ஏழு மாதச் சம்பளம். இன்சூரன்ஸ் கிடையாது, கம்பெனி வாரண்டியும் கிடையாது. முழுக்க என் கையிலிருந்து.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பெயர் வெளியே வந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். காரின் ஈசியூ (எஞ்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மென்பொருளை மாற்றி எழுதி, பவர் ஏற்றித் தரும் கடை. சொந்தமாக டைனோ (எஞ்ஜின் பவரை அளக்கும் கருவி) இருக்கிறது, ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. அது போதும், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எந்த மாதிரிக் கடை என்று புரியும்.

என் வண்டி இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கம்பெனி வைத்த ரெவ் லிமிட் 6,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6,800 சுற்று). நான் கேட்டுப் போனது சாதாரண ஸ்டேஜ் ஒன் ரீமேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது. அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளர், "ப்ரோ, லிமிட்டை 7,800 பண்ணித் தரேன். வண்டியோட கேரக்டரே மாறிடும்" என்றார். உள்ளே ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அப்போது அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கனெக்டிங் ராடை எடுத்து என் கையில் வைத்தார். கனமான, பளபளவென்று கடைந்தெடுத்த ராடு, பெரிய தலை வைத்த இரண்டு போல்ட்டுகள். "இதைப் பாருங்க ப்ரோ. இது முறியுமா? உங்க எஞ்ஜின் ஃபோர்ஜ்டு. 8,000 வரைக்கும் அசால்ட்டா தாங்கும்."

ஃபோர்ஜ்டு என்றால் அடித்து இறுக்கிச் செய்த உலோகம். ஆனால் அந்த ராடு என் எஞ்ஜினுடையது இல்லை. ரேஸ் எஞ்ஜின்களுக்குத் தனியாக விற்கும் வகை. என் எஞ்ஜினுக்குள் இருந்ததற்கும் அதற்கும் போல்ட்டின் தடிமனே வேறு. நேற்று இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என்ன மாதிரி நாடகம் நடத்தியிருக்கிறார் என்று தெரிந்தது.

டைனோ ஷீட்டையும் காட்டினார்கள். கோடு அழகாக ஏறுகிறது, ஆனால் 6,500-உடன் ஷீட் முடிந்துவிடுகிறது. 7,800 வரைக்கும் ஏன் இல்லை என்று கேட்டேன். "மேல இன்னும் இருக்கு ப்ரோ, பிரின்ட்ல கட் ஆயிடுச்சு" என்றார் டைனோ இயக்கிய பையன். இப்போது பார்க்கும் மெக்கானிக் ஈசியூவிலிருந்து லாக் (ஓடியபோது பதிவான விவரம்) எடுத்துக் காட்டினார். பவர் 5,600-இலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கம்பெனி டர்போ சிறியது, அதற்கு மேல் அவ்வளவு காற்றைத் தள்ள அதனால் முடியாது. 7,500-க்குப் போகும்போது ஐந்தில் ஒரு பங்கு பவர் காணோம். அதாவது இந்த ஆயிரம் ஆர்பிஎம்மால் வண்டி வேகமாக ஓடவில்லை, சத்தம் மட்டும் கூடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஏழு மாதச் சம்பளம்.

கொஞ்சம் விஷயத்துக்குள் போகிறேன், ஏனென்றால் இதை அவர்கள் யாருமே சொல்வதில்லை. பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுவது ஒரு ஆபத்து, ரெவ்வை ஏற்றுவது வேறு ஆபத்து. பூஸ்ட் ஏறினால் பிஸ்டனை வெடிப்பு கீழே அழுத்துகிறது, ராடு அமுக்கப்படுகிறது. ரெவ் ஏறினால் ராடு இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் கணத்தில் அதைப் பிடித்துக் கீழே இழுப்பது ராடும் அதன் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளும்தான். அதிலும் புகையை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பும் சுற்றில் மேலிருந்து அழுத்த வெடிப்பின் அழுத்தமே இல்லை, மொத்த இழுவையும் போல்ட்டுக்குத்தான். இந்த விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுகிறது. 6,800-இலிருந்து 7,800 என்றால் ரெவ்வில் 15 சதவீதம்தான் கூடுதல், விசையில் ஏறக்குறைய 32 சதவீதம். என் எஞ்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6,800-இல் ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும் இழுவை, 7,800-இல் ஒன்றரை டன்னாகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, போல்ட் அப்படித்தான் போகிறது. முதல் நாளே போகாது. அதனால்தான் கடைக்காரர்களுக்குத் தைரியம்.

"ஹோண்டா எஸ்2000 9,000 சுத்துது, நம்ம வண்டி 7,800 சுத்தாதா?" இதையும் அவர்தான் சொன்னார். சுற்றும், அந்த எஞ்ஜினை அதற்காகவே கட்டினார்கள். ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், பவர் உச்சமே 8,300-இல்தான் வருகிறது, ராடு, வால்வ் ஸ்பிரிங் எல்லாம் அந்த வேகத்தை மனதில் வைத்துச் செய்தவை. அதே எஞ்ஜினை 2.2 லிட்டராக்க ஸ்ட்ரோக்கை 90.7-க்கு நீட்டியபோது ஹோண்டாவே ரெட்லைனை (ரெவ் எல்லையை) இறக்கியது. செய்த கம்பெனியே இறக்குகிறான், இவர் லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றி ஏற்றுகிறார்.

வால்வ் விஷயம் இன்னும் மோசம். கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் சுழலும் பாகம்) தள்ளித் திறந்த வால்வை மூட வேண்டியது ஸ்பிரிங். ரெவ் அளவு மீறினால் ஸ்பிரிங்கால் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, வால்வ் மிதக்கும். டர்போ வண்டியில் பூஸ்ட் காற்றும் இன்டேக் வால்வின் முதுகில் தள்ளுகிறது. 34 மில்லிமீட்டர் வால்வில் 1.5 பார் பூஸ்ட் என்றால் சுமார் 14 கிலோ. அவ்வளவும் ஸ்பிரிங்கின் பலத்திலிருந்து கழிகிறது. ரெவ்வும் ஏற்றி, பூஸ்ட்டும் ஏற்றி, ஸ்பிரிங்கை மட்டும் பழையதாகவே விட்டார்கள். எஞ்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றியதும் மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். முறியாத மற்ற மூன்று பிஸ்டன்களின் தலையிலும் கரிப் படலத்தின் நடுவே பிறை வடிவத்தில் சின்னச் சின்னத் தழும்புகள். வால்வ் வந்து முத்தமிட்ட இடம். விரல் நகத்தை வைத்துத் தேய்த்தால் பள்ளம் தட்டுப்படுகிறது. ராடு போகாமல் இருந்திருந்தால் அடுத்து வால்வ் போயிருக்கும்.

சரி, இப்போது அவர்கள் பதில் சொன்ன லட்சணத்துக்கு வருகிறேன்.

டியூன் செய்து சில வாரத்தில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீழிருந்து ஒரு 'டக் டக்' சத்தம். உடனே போன் செய்தேன். "டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்ஜின்ல அப்படித்தான் ப்ரோ, இன்ஜெக்டர் சத்தம்." நேரில் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்ட்டில் கூட ஏற்றவில்லை. பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்திப் பாருங்க" என்றார்கள், அந்த ஆயிலையும் என்னிடமே விற்றார்கள். ராடு பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே இருக்கும் தாளை விரித்துப் பார்த்திருந்தால் பேரிங்கின் உலோகத் துகள் மினுமினுத்திருக்கும். அந்த வேலையை அவர்கள் செய்யவில்லை. செய்தால் லிமிட்டைத் திரும்ப இறக்க வேண்டும், பணத்தைத் திருப்பிக் கேட்பேன், வேறென்ன காரணம்?

அப்புறம் ஹைவேயில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு வெடிச் சத்தம், பின்னால் வெள்ளைப் புகை, ரோடெல்லாம் ஆயில். பின்னால் வந்த வண்டி அதில் வழுக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், இரண்டு நீல டிக் மட்டும். கடைசியில் நேரில் போய் நின்றபோது உரிமையாளர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "சார், நீங்க டவுன்ஷிஃப்ட் தப்பா போட்டு ஓவர்ரெவ் பண்ணியிருக்கீங்க. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

என் வண்டி ஆட்டோமேட்டிக்! ஐந்தாவதிலிருந்து தவறிப்போய் இரண்டாவதைப் போட அங்கே கியர் லீவரும் இல்லை, கிளட்ச் பெடலும் இல்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் பேடிலை அழுத்தினாலும் ரெவ் எல்லை மீறும் என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். மேனுவல் வண்டிக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்யை ஆட்டோமேட்டிக் வண்டிக்காரனிடமும் எடுத்துவிட்டிருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டியதும் முகம் மாறியது. பில்லை எடுக்கச் சொன்னார். பில்லில் முன்பக்கம் 'மென்பொருள் சேவை' என்று ஒரே வரி. 7,800 என்ற எண் எங்கேயும் இல்லை. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'பந்தயத் தடப் பயன்பாட்டுக்கு மட்டும், பின்விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல'. பேசியபோது "டெய்லி டிரைவுக்கு சூப்பரா இருக்கும் ப்ரோ" என்றவர் இவரேதான். லிமிட்டை ஏற்றியதே இல்லை என்றுகூட ஒரு கட்டத்தில் சொல்லிப் பார்த்தார். ஈசியூவில் இருந்த ஃபைலை வேறு கடையில் படித்து வைத்திருக்கிறேன் என்றதும்தான், "சரி, அடுத்த எஞ்ஜினுக்கு டியூன் ஃப்ரீயா பண்ணித் தரேன்" என்று இறங்கிவந்தார். ஏழு மாதச் சம்பளத்துக்கு ஈடாக, திரும்பவும் அதே கையால் டியூன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் போய்ப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கருவியை மாட்டியதும் மென்பொருள் மாற்றப்பட்டது தெரிந்துவிடுகிறது. வாரண்டிப் பேச்சு அங்கேயே முடிந்தது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: ராடு போல்ட்டும் வால்வ் ஸ்பிரிங்கும் மாற்றாமல் லிமிட்டை ஏற்றலாம் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். டைனோ ஷீட் புது லிமிட் வரைக்கும் இருக்க வேண்டும், 'பிரின்ட்ல கட் ஆயிடுச்சு' என்றால் அங்கே பவர் விழுகிறது என்று அர்த்தம். புது லிமிட் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கம்பெனி ஒரிஜினல் ஃபைலை டியூன் செய்யும் முன்பே காப்பி எடுத்து உங்களிடம் வையுங்கள். ஏற்கனவே ஏற்றிவிட்டவர்கள் இந்த வாரமே ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், மினுமினுத்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், டோ பண்ணிக்கொண்டு போங்கள், அதுவும் டியூன் செய்த கடைக்கு இல்லை.