அனிமல் கலெக்டிவ்: முதலில் எந்த ஆல்பம்?

அமெரிக்க இசைக்குழுவான அனிமல் கலெக்டிவின் எந்த ஆல்பத்தை முதலில் கேட்பது? கோத்தகிரியில் எங்கள் பாட்டுக் கூட்டம் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கம் 2009-இல் வந்த 'மெர்ரிவெதர் போஸ்ட் பெவிலியன்', இன்னொரு பக்கம் 2012-இன் 'சென்டிபீட் ஹெர்ட்ஸ்'.

ஆட்கள்: முன்னதில் மூவர், பின்னதில் குழுவின் பழைய உறுப்பினர் டீக்கின் திரும்பி வந்து நால்வர்.

ஒலி: முன்னதில் சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி) ஒலிகளும் அடுக்கடுக்கான குரல்களும் கலந்து மிதக்கும். பின்னதில் ரேடியோ இரைச்சல் குறுக்கே வரும், டிரம்ஸ் முட்டி மோதும். வெறும் கூச்சல் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஹெட்போனில் கேளுங்கள், உள்ளே அருமையான மெட்டுகள் இருக்கின்றன.

பழக: முன்னது உடனே பிடிக்கும். பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்கும்போது முன்னது சரி. தகரக் கூரையில் மழை அடிக்கும் இரவில் பின்னதை ஸ்பீக்கரில் போட்டால் பாதி காணாமல் போகும். புதிதாகக் கேட்பவர்கள் 2009-இல் தொடங்குங்கள். மெட்டு மட்டும் போதாது என்பவர்கள் நேராக 2012-க்குப் போகலாம்.